சக்கர நாற்காலி ஏறாத வண்டி: கஜா புயல் முகாமில் ஒரு முதுகுத்தண்டுப் பாதிப்பாளர் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முந்தின நாளே கடலோர ஊர்களில் இருந்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோரை முகாம்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பல உயிர்களைக் காத்தது அந்த ஏற்பாடுதான். அப்படிப் பத்திரமாக அழைத்துச் செல்லப்பட்ட ஒருவருக்கு, புயல் ஓய்ந்த பிறகு முகாமுக்குள்ளேயே என்ன நேர்ந்தது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஊர், பெயர், அடையாளங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

அவருக்கு வயது முப்பதுகளின் நடுவில். ஏழு ஆண்டுகளுக்கு முன் தென்னை மரத்தில் இருந்து விழுந்ததில் பத்தாவது மார்பு முள்ளெலும்பு அளவில் தண்டுவடம் பாதித்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகளில் நல்ல வலு. கிழிந்த மீன்வலைகளைத் தைத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். தாய், மனைவி, பள்ளி செல்லும் மகள் ஆகியோருடன் கூரை வீட்டில் வாழ்ந்தார்.

புயலுக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பது இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முக்கியம். கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்வார். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீரைத் தானே எடுப்பார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் மலம் கழிக்கும் பழக்கத்தை உடம்புக்குப் பழக்கியிருந்தார். உட்கார்ந்திருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவார். அந்த ஏழு ஆண்டுகளில் படுக்கைப்புண் ஒரே ஒருமுறை, அதுவும் சிறிதாக வந்து ஆறியது. நோயாளி என்று சொல்ல அவரிடம் எதுவுமில்லை. நாற்காலி, அதில் இருந்த மெத்தை, டியூப், சுத்தமான தண்ணீர், மறைவான ஓர் இடம் ஆகிய ஐந்தும் கையில் இருந்தவரை அவர் யாரையும் சார்ந்திருக்கவில்லை.

வெளியேற்றிய நாள்

கிராமப் பேரிடர்த் திட்டத்தில் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற கட்டத்துக்கு எதிரே ஓர் எண்ணிக்கை மட்டும் இருந்தது. யார், எந்தத் தெரு, நடக்க முடியுமா, காது கேட்குமா, என்ன கருவி வைத்திருக்கிறார் என்ற விவரம் எதுவும் இல்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகுந்த முறையில் தெரிவிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தன் 8ஆம் பிரிவில் சொல்கிறது. எண்ணிக்கை எழுதுவதோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை.

15ஆம் தேதி பிற்பகல் ஒரு குட்டியானை வண்டி தெருவுக்கு வந்தது. வண்டி நிறைய ஆட்கள். அவருடைய நாற்காலி மடங்காத வகை. ஏற்றினால் மூன்று பேர் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "அம்மா, மொதல்ல ஆளை ஏத்துங்க, சாமானெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று தன்னார்வலர் தாயிடம் சொன்னார். மழை வலுத்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான். நாற்காலி வீட்டிலேயே நின்றது. அதோடு கட்டப்பட்டிருந்த மெத்தையும், அதன் பையில் இருந்த டியூப்களும், டியூபில் தடவும் ஜெல்லியும், குடும்ப அட்டையும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைப் புத்தகமும் அங்கேயே தங்கிவிட்டன. பேச்சு முழுவதும் தாயோடு நடந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பையை மட்டுமாவது மடியில் வைத்துக்கொண்டிருப்பார்.

முகாமில் கண்டவை

முகாம் ஓர் அரசுப் பள்ளி. மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணப் பணியில் பழகிய ஒரு குழு 19ஆம் தேதி அங்கே சென்றபோது கண்ட நிலை இது.

அவர் வகுப்பறையில், சிமெண்டுத் தரையில், நான்காக மடித்த சேலையின் மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான்கு நாளாகப் பகலில் பெரும்பாலும் அதே நிலைதான். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ், இடையிடையே குளிர் நடுக்கம், சிறுநீர் கலங்கலாக, கெட்ட வாடையுடன். மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டித் தண்ணீர் முதல் நாளே தீர்ந்திருந்தது. கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் நாற்பது மீட்டர் தள்ளி, சேற்றைக் கடந்து இருந்தது. அதன் வாசலில் இருபது சென்டிமீட்டர் படி, கதவின் திறப்பு 58 சென்டிமீட்டர், உள்ளே தரைப் பீங்கான். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே 63, 64 சென்டிமீட்டர் வரும்.

ஒருவர் முதுகில் சுமந்து கழிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால், அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் ஒரு சுகாதாரப் பணியாளர் கொடுத்த ஒரே டியூபைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அதையும் ஐந்து மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு நாளைக்கு இரண்டு முறை. தேங்கிய சிறுநீர், கழுவாத கை, குறைந்த தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். இதில் வியப்பே இல்லை. முகாம்களில் இந்தச் சங்கிலி அடிக்கடி திரும்ப வருவது.

புட்டத்தின் இடது உட்காரும் எலும்பின் மேல், உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் கறுத்து, தொட்டால் களிமண் போல மெத்தென்று இருந்தது. வால் எலும்பின் மேல் மேல்தோல் உரிந்த ஆழமில்லாத புண். தோல் அப்படிக் கறுத்து மெத்தென்று இருந்தால், அந்த இடத்துக்கு அடியில் சதை ஏற்கெனவே அழுகியிருக்கிறது என்று பொருள். அடுத்த சில நாட்களில் அது திறந்து ஆழமான புண்ணாகும் என்று குடும்பத்துக்கு அன்றே சொல்லப்பட்டது. பிறகு திறந்தபோது, செய்த வைத்தியத்தால்தான் புண் பெரிதானது என்று அவர்கள் நினைக்காமல் இருக்க அந்த முன்னறிவிப்பு தேவைப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எல்லா மாற்றுத்திறனாளிகளையும் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு காப்பகத்துக்கு மாற்றிவிடலாம் என்று முகாம் பொறுப்பாளர் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். தண்டுவடம் பாதித்த அவரிடமே கேட்டபோது மறுத்தார். மனைவியும் மகளும் இங்கே, வீடு ஆறு கிலோமீட்டரில், அங்கே திருப்பிப் படுக்க வைக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பது அவர் சொன்ன காரணம். இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, பேரிடரில் பாதுகாப்பைக் கோருகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் குடும்பத்தில் இருந்து பிரிப்பதை அந்த உடன்படிக்கை ஆதரிக்கவில்லை. எல்லோரும் இருக்கும் முகாமை அவரும் இருக்கக்கூடியதாக மாற்றுவது என்று முடிவாயிற்று.

காய்ச்சலுக்கு அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். அவருடைய காயம் ஆறாவது மார்பு முள்ளெலும்புக்குக் கீழே என்பதால், சிறுநீர் தேங்கினால் இரத்த அழுத்தம் திடீரென எகிறும் ஆபத்து அவருக்கு இல்லை. அந்த முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர் என்றால் அடைபட்ட டியூப் ஒன்றே உயிருக்கு ஆபத்து. காயம் எந்த முள்ளெலும்பில் என்பதே முகாமில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சிறுநீர் மாதிரி எடுத்த பிறகு ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது. நிரந்தரமாகப் பொருத்தும் டியூப், அதாவது உள்ளே பலூன் வைத்தது, தற்காலிகமாகப் போடப்பட்டது. நீண்ட காலத்துக்கு அது கிருமித்தொற்றைக் கூட்டும் என்பதால் வழக்கமாகத் தவிர்க்க வேண்டியது. ஆனால் கைகழுவத் தண்ணீரே இல்லாத இடத்தில் நாளைக்கு ஐந்து முறை டியூப் விடுவது அதைவிட மோசம். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும். நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, வாந்தி, மயக்கம், பிதற்றல் எது தென்பட்டாலோ உடனே பெரிய மருத்துவமனை. இந்த மூன்றும் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டன.

படுக்கை

நன்கொடையாக மின்சார ஏர் பெட் ஒன்று வந்திருந்தது. காற்றறைகள் மாறி மாறி உப்புவதற்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். பல ஊர்களில் மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கானது. மின்சாரம் நின்றால் காற்று இறங்கி, ஆள் நேராகக் கட்டையின் மேல் படுத்ததாகிவிடும். அது திருப்பி அனுப்பப்பட்டது. கார் டியூப் வளையம் ஒன்றையும் அன்போடு கொடுத்தார்கள். அதுவும் வேண்டாம் என்றாயிற்று, ஏனென்றால் வளையம் புண்ணைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி அங்கே இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

நான்கு பள்ளி பெஞ்சுகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டி, மேலே பத்து சென்டிமீட்டர் தடிமனில் 40 டென்சிட்டி போம் போடப்பட்டது. 45 சென்டிமீட்டர் பெஞ்சு உயரம் நாற்காலி இருக்கையின் உயரத்துக்குச் சமமாக அமைந்ததால் பிறகு அவரே மாறிக்கொள்ள முடிந்தது. ரெக்சின் உறையைத் தளர்வாகத்தான் போட வேண்டும். இழுத்துக் கட்டினால் போம் அமுங்காமல் உறையே தொட்டில் துணி போல விறைத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என்று மாற்றும் அட்டவணையில் மனைவி, தாய், பக்கத்து வீட்டு இளைஞர் ஆகிய மூவரின் பெயரும் எழுதப்பட்டன. இரவு முழுவதும் மனைவி மட்டும் விழித்திருந்தால் நான்காம் இரவு அட்டவணை நின்றுபோகும்.

தோலைச் சோதிக்கும் முறையும் மூவருக்கும் காட்டப்பட்டது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் சேதம் தொடங்கிவிட்டது. கறுத்த நிறத்தோலில் சிவப்பு தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

புண்

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒன்பது கிராம் உப்பு கலந்து கழுவி, அதில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியைப் புண்ணுக்குள் தளர்வாக வைத்து, மேலே உலர்ந்த காஸ் கட்டப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு நுரை வந்தால் புண் சுத்தமாகிறது என்ற நம்பிக்கை முகாமில் இருந்தது. அந்த நுரை புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே அரிக்கும். கறுத்த பகுதி எட்டாம் நாள் திறந்தது. செத்த சதையை அரசு மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். முகாம் சாப்பாடு பெரும்பாலும் எலுமிச்சைச் சாதமும் சாம்பார் சாதமும்தான். புரதம் இல்லாமல் புண் மூடாது. தினம் இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் தனியாக ஏற்பாடானது.

சாய்தளமும் கழிப்பறையும்

வகுப்பறை வராண்டா தரையில் இருந்து 45 சென்டிமீட்டர் உயரம். முதல் நாளே யாரோ ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நனைந்ததும் வழுக்கி, மூதாட்டி ஒருவர் விழுந்தார். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 45 சென்டிமீட்டர் ஏற 5.4 மீட்டர் நீளம் தேவை. வராண்டாவுக்கு நேர் எதிரே மரம் விழுந்து கிடந்ததால் சாய்தளம் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும்படி அமைந்தது. அகலம் 1.2 மீட்டர், மேலே திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் சமதளம். இடிந்த சுவர்களின் செங்கல்லும் ஓட்டுச் சில்லும் உள்நிரப்பு. விழுந்த தென்னைகளைப் பிளந்து இருபுறமும் முளையடித்து நிறுத்தியது, மண்ணையும் தாங்கியது, சக்கரம் வெளியே உருளாமல் தடுக்கும் விளிம்பாகவும் நின்றது. மேலே ஐந்து சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்கு இரண்டு மூட்டை சிமெண்ட் ஆனது. ஈரத்திலேயே துடைப்பத்தால் குறுக்கே கோடிழுத்ததால் மழையிலும் வழுக்கவில்லை. மூன்று நாள் ஈரச் சாக்கு போட்டு மூடிய பிறகே திறந்தார்கள். முதலில் அதைப் பயன்படுத்தியவர்கள் கர்ப்பிணிகளும், தண்ணீர் டிரம் உருட்டியவர்களும்.

கழிப்பறைக்கு முதலில் வந்த யோசனை, நாற்காலியில் ஓட்டை போட்டு அடியில் வாளி வைப்பது. அது ஏற்கப்படவில்லை. அந்த வாளியை எடுப்பது மனைவியாகவோ தூய்மைப் பணியாளராகவோதான் இருக்கும். மனித மலத்தைக் கையால் அள்ளும் வேலையைச் சட்டம் 2013இல் முழுமையாகத் தடை செய்திருக்கிறது. ஒருவருடைய உரிமையை இன்னொருவருடைய மானத்தில் இருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. எனவே தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, கடைசி இரண்டு கழிப்பறைகளுக்கு நடுச்சுவரை எடுத்து ஒன்றாக்கி, கதவுச் சட்டத்தைக் கழற்றித் திரை போட்டு, தரைப் பீங்கானுக்கு மேல் ஓட்டையுள்ள இரும்பு நாற்காலி வைக்கப்பட்டது. ஓட்டையின் விளிம்பில் போமும் ரெக்சினும் சுற்றப்பட்டன, ஏனென்றால் உணர்ச்சியில்லாதவருக்கு அந்த விளிம்பு கால் மணி நேரத்தில் புதுப்புண் உண்டாக்கும். கைப்பிடிக் குழாயை முதலில் சுவரில் போல்ட் போட்டார்கள். சுவர் ஹாலோ பிளாக் என்பதால் முதல் இழுப்பிலேயே போல்ட் கழன்று வந்தது. பிறகு குழாயை வளைத்து இரு முனைகளையும் தரையில் கான்கிரீட் வைத்து ஊன்றினார்கள். சேற்றுப் பாதைக்குச் செங்கல் ஜல்லி பரப்பி அடிக்கப்பட்டது.

பதிவேடு

முகாம் பதிவேட்டில் மாற்றுத்திறனாளிகள் இருவர் என்றிருந்தது. அட்டை வைத்திருப்பவர் யார் என்று கேட்டு எழுதியது அது. மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்கப் பல நாடுகளில் பயன்படும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டபோது பதினொருவர் தெரியவந்தார்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, குளிப்பது உடுத்துவது, பேசிப் புரியவைப்பது ஆகியவற்றில் எவ்வளவு சிரமம் என்பதே கேள்வி. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் எங்குமே வராது. 'மிகவும் சிரமம்' அல்லது 'முடியவே முடியாது' என்ற பதில் ஏதேனும் ஒன்றுக்கு வந்தால் பதிவு. புதிதாகத் தெரிந்தவர்களில் காது கேளாத இளம்பெண் ஒருவர் இருந்தார். ஒலிபெருக்கியில் அறிவித்த டோக்கன் அவருக்கு இரண்டு நாள் கிடைக்கவில்லை. அன்று முதல் அறிவிப்புகள் கரும்பலகையிலும் எழுதப்பட்டன.

நாற்காலியை மீட்டது

ஒரு மருத்துவமனை வகைச் சக்கர நாற்காலி நன்கொடையாக வந்தது. தொங்கும் துணி இருக்கை, சின்ன முன்சக்கரம். கடற்கரை மணலில் முன்சக்கரம் புதைந்து ஆள் குப்புற விழுவார். இருக்கைத் துணி நடுவில் தொய்ந்து, புண் இருக்கும் எலும்பின் மேலேயே பாரத்தை இறக்கும். அதைத் தற்காலிகமாக மட்டும் வைத்துக்கொண்டு, பழைய நாற்காலி வீட்டில் விழுந்த சுவருக்கு அடியில் இருந்து எடுக்கப்பட்டது. பின்சக்கரம் 24 அங்குலம் என்பதால் கம்பியும் ரிம்மும் ஊர் சைக்கிள் கடையிலேயே சரியாயின. உப்புச் சேறு ஏறி இறுகிய பேரிங்குகளை மாற்றினார்கள். மெத்தை பயன்படாது. அடியில் கெட்டி போம், மேலே மெது போம் என்று இரண்டடுக்கில் புதிது செய்யப்பட்டது. புண்ணின் காரணமாக அவர் அதில் உட்கார அனுமதித்தது நாளைக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் மட்டும்.

பின்விளைவு

காய்ச்சல் இரண்டாம் நாள் இறங்கியது. பள்ளி திறக்க வேண்டியிருந்ததால் முகாம் மூடப்பட்டது. குடும்பம் தார்ப்பாய்க் கூடாரத்துக்குத் திரும்பியது. வீட்டுச் சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் வீட்டின் முன் அவர் நிற்கும் புகைப்படம் கேட்டார்கள். குப்புறப் படுத்திருக்க வேண்டிய நிலையில் அது முடியாது. ஏற்ற மாற்றுவசதி செய்து தருவது அரசின் கடமை என்று அதே 2016 சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வதைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு ஒரு பக்க மனு கொடுத்ததும், மனைவியின் புகைப்படமே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். தொலைந்த அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நகல் கிடைத்தது.

மூன்று வாரத்தில் நிரந்தர டியூபை எடுத்துவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார். வால் எலும்புப் புண் ஐந்து வாரத்தில் மூடியது. உட்காரும் எலும்பின் மேல் இருந்தது மூட மார்ச் இறுதியாகிவிட்டது. அந்த நான்கு மாதமும் வலை தைக்க உட்கார முடியவில்லை. குப்புறப் படுத்தபடி, நெஞ்சுக்கடியில் தலையணை வைத்துச் சின்ன வலைகளை மட்டும் தைத்தார். குடும்பம் கடன் வாங்கியது. புண் மூடினாலும் தழும்புத் தோல் பழைய தோலின் வலுவைப் பெறாது. உட்காரும் நேரத்தை அவர் இனி எப்போதும் அளந்தே ஆக வேண்டும்.

எதை மாற்ற வேண்டும்

கருவியோடு சேர்த்துத்தான் ஒருவர் முழு ஆள். நாற்காலியை விட்டு ஆளை மட்டும் ஏற்றுவது பாதி வெளியேற்றம். வண்டி ஒதுக்கும்போதே, கருவியுள்ள ஒருவருக்கு மூன்று பேர் இடம் என்று கணக்கிட வேண்டும். அந்த வண்டி கடைசி நடையில் வராமல் முதல் நடையில், மழை வலுக்கும் முன் வர வேண்டும்.

முதல் மூன்று நாளில் குழு வராது என்று கொண்டே திட்டமிட வேண்டும். தண்டுவடப் பாதிப்புள்ள ஒவ்வொருவரும் புயல் மாதங்களில் தயாராக வைத்திருக்க வேண்டிய நீர்புகாப் பையில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டியூப் பதினைந்து, ஜெல்லி, சோப்பு, மடிக்கக்கூடிய போம் மெத்தை, அட்டைகளின் நகல், காயம் எந்த முள்ளெலும்பில் என்று எழுதிய சீட்டு ஆகியவை இருந்தால் போதும். இந்த நிகழ்வில் அந்தப் பை மட்டும் மடியில் வந்திருந்தால் காய்ச்சலைத் தவிர்த்திருக்கலாம். போமும் இருந்திருந்தால் ஆழமான புண்ணையும் தவிர்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

முகாமாக அறிவிக்கப்படும் பள்ளிகளில் சாய்தளமும் ஒரு அகலக் கழிப்பறையும் புயல் காலத்துக்கு முன்பே கட்டப்பட வேண்டும். மேலே சொன்ன அளவுகளில் ஒரு கொத்தனாரும் இரண்டு உதவியாளரும் ஒரு வாரத்தில் முடிக்கும் வேலை அது. கட்டுவதற்கு முன் அந்த ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை அழைத்து, கதவை மூடித் திரும்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் பெயர், தெரு, சிரமத்தின் வகை, கருவி, உடன் வருபவர், தகவல் சொல்லும் வழி ஆகிய ஆறும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், கிராம நிர்வாக அலுவலரும் ஊரின் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தாரும் சேர்ந்து வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். அப்போது கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்காமல் அந்த ஆளிடமே கேட்க வேண்டும்.